பெயர் ஒப்புமையும் குடிவழிச் சான்றும்: மேஃபிளவர் குடியேறி ஸ்டீபன் ஹாப்கின்ஸின் முன்னோர் தேடல்

ஆய்வுச்சுருக்கம்

1620-ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் வட அமெரிக்கா சென்ற ஆங்கிலேயக் குடியேறிகளுள் ஒருவர் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். இவரது பிறப்பிடம், பெற்றோர், முதல் மனைவி ஆகியவை பற்றி நெடுங்காலம் தவறான செய்திகளே வழக்கில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக் கிராமத் திருச்சபை ஏடுகளும் சொத்து நிர்வாக ஆவணங்களும் ஒருங்கே வைத்து ஆராயப்பட்டபோது அச்செய்திகள் வீழ்ந்தன. தனியொரு பெயரின் ஒப்புமை குடிவழிச் சான்றாகாது என்பதையும், ஒரு குடும்பத்தின் பெயர்த்தொகுதி முழுமையும் பொருந்தும்போதே சான்று வலுப்பெறும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பிழையான குடிவழி உண்மையில் வாழ்ந்த ஒருவரை வரலாற்றிலிருந்து அகற்றிவிடும் என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடிவழி ஆய்வு, மேஃபிளவர், ஸ்டீபன் ஹாப்கின்ஸ், திருச்சபைப் பதிவேடு, பெயர் ஒப்புமை, முதன்மைச் சான்று.

1. முன்னுரை

ஒரே பெயர் கொண்ட பலரை ஒருவராகக் கருதுதலும், ஒருவரைப் பலராகப் பிரித்தலும் வரலாற்றாய்வில் அடிக்கடி நேரும் இடர்ப்பாடுகள். ஔவையார் என்னும் பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் இருந்தனர் என்பதை நிறுவத் தமிழறிஞர்கள் மேற்கொண்ட உழைப்பு இதற்கு நாம் நன்கறிந்த சான்று. இதே இடர்ப்பாடு ஆங்கிலேயக் குடியேற்ற வரலாற்றில் இன்னொரு வடிவில் தோன்றுகிறது. கடல் கடந்து சென்றவரின் பெயர் குடியேறிய நாட்டு ஆவணங்களில் உள்ளது. அதே பெயர் தாய்நாட்டின் பல ஊர்களிலும் உள்ளது. அவர்களுள் கப்பலேறியவர் யார் என்பதே வினா.

1620 முதல் 1640 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 ஆங்கிலேயர் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் உழவர், நெசவாளர், கைவினைஞர் முதலிய எளிய பிரிவினர். தம் பிறந்த ஊரைக் குறித்து வைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. அவர்தம் வழிவந்தோருக்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தேவை பெரிதாக எழுந்தது. தேவைக்கும் சான்றுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் உண்மையும் புனைவும் கலந்து புகுந்தன. அக்கலப்பு எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு களையப்பட்டது என்பதை ஸ்டீபன் ஹாப்கின்ஸ் பற்றிய ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

2. குடியேற்ற ஆவணங்கள் காட்டும் ஹாப்கின்ஸ்

மேஃபிளவர் கப்பலில் பயணம் செய்தோர் 102 பேர். பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக நெடுங்காலம் விளங்கிய வில்லியம் பிராட்ஃபோர்ட், தாம் எழுதிய வரலாற்றின் இறுதியில் அப்பயணிகளைக் குடும்பவாரியாகப் பட்டியலிட்டுள்ளார். அப்பட்டியலின்படி ஹாப்கின்ஸ் குடும்பத்தில் எண்மர் இருந்தனர்: ஸ்டீபன், அவர் மனைவி எலிசபெத், முந்தைய மனைவிக்குப் பிறந்த ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ், எலிசபெத்துக்குப் பிறந்த டாமரிஸ், கடற்பயணத்தின்போதே பிறந்த ஓஷியானஸ், பணியாளர் இருவர். ஸ்டீபனுக்கு முந்தைய மனைவி ஒருவர் இருந்தார் என்பது இதனால் உறுதியாகிறது. எனினும் அவர் பெயரைப் பிராட்ஃபோர்ட் குறிக்கவில்லை.

1622-இல் லண்டனில் அச்சான குடியேற்றக் குறிப்பு நூல் ஹாப்கின்ஸைப் பல இடங்களில் காட்டுகிறது. கரையிறங்கிய தொடக்க நாள்களில் காட்டுவழியில் இருந்த மான் பொறி ஒன்றை இன்னதென்று விளக்கியவர் அவரே. 1621 மார்ச்சில் குடியேற்றத்துக்கு வந்த சாமொசெட் என்னும் தொல்குடி மனிதர் இரவு தங்கியது அவர் வீட்டில். அதே ஆண்டு கோடையில் வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட்டைக் காண எட்வர்ட் வின்ஸ்லோவுடன் அனுப்பப்பட்டவரும் அவரே. புதிய நிலத்தையும் அதன் மக்களையும் முன்னரே ஓரளவு அறிந்த ஒருவராக அவர் தோன்றுகிறார்.

1644 ஜூன் 6 அன்று அவர் எழுதுவித்த உயில் குடும்ப உறவுகளை நன்கு காட்டும். ஜைல்ஸுக்கு ஒரு காளையையும், நிக்கோலஸ் ஸ்னோவின் மனைவியாகிய கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண்குதிரையையும் அதில் அவர் விட்டுச் செல்கிறார். மறைந்த மனைவிக்கு அருகே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். ஆனால் அமெரிக்க மண்ணில் எழுந்த இவ்வாவணங்கள் எவையும் அவர் இங்கிலாந்தில் எவ்வூரினர் என்று சொல்லவில்லை. சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

3. பிழையான குடிவழி உருவான முறை

அமெரிக்காவில் குடிவழி ஆர்வம் நிறுவன வடிவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பாஸ்டனில் 1845-இல் நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிவழிக் கழகமும், 1897-இல் மேஃபிளவர் வழிவந்தோர் பொதுச் சங்கமும் தோன்றின. உயர்குடி முன்னோர் ஒருவரைத் தேடித்தருமாறு பணம் கொடுத்துக் கேட்போரும் பெருகினர். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய குஸ்டாவ் அன்ஜூ (1863–1942) போன்றோர் செல்வர்களுக்காகப் போலிக் குடிவழிகளைப் புனைந்து விற்றனர். அவை நூலகங்களில் இடம்பெற்றதால் பின்வந்தோரும் அவற்றை நம்பி எடுத்தாண்டனர்.

எல்லாப் பிழையும் மோசடியால் விளைந்ததன்று. நல்லெண்ணத்தோடு செய்த ஊகமும் பிழையாயிற்று. ஹாப்கின்ஸ் குளௌஸ்டர்ஷயரின் வோட்டன்-அண்டர்-எட்ஜ் பகுதியைச் சேர்ந்தவர் என்ற கருத்து இத்தகையது. அங்கு ஹாப்கின்ஸ் குடும்பத்தார் வாழ்ந்தனர் என்பது உண்மை. அவர்களுள் ஒருவர் மேஃபிளவரில் சென்றார் என்பதற்குத்தான் சான்று இல்லை. அவ்வாறே அவருடைய முதல் மனைவியின் பெயர் கான்ஸ்டன்ஸ் டட்லி என்று பல நூல்களில் எழுதப்பட்டது. மகளின் பெயர் கான்ஸ்டன்ஸ். டட்லி என்பதோ முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பிரபுக் குடும்பத்தின் பெயர். இவ்விரு பெயர்களும் சேர்ந்து ஒரு பெண்ணை உருவாக்கின. அப்படி ஒருவர் ஸ்டீபனை மணந்தார் என்பதற்குச் சமகாலச் சான்று எதுவுமில்லை.

பெயர் ஒப்புமை எவ்வளவு எளிதில் வழிதவறச் செய்யும் என்பதற்கு மற்றொரு ஸ்டீபன் ஹாப்கின்ஸையும் சுட்டலாம். ரோட் ஐலண்டின் ஆளுநராக இருந்து, 1776-இல் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்டவர் இவர் (1707–1785). இவரது தந்தைவழி பிராவிடன்ஸ் நகரில் குடியேறிய தாமஸ் ஹாப்கின்ஸிடமிருந்து வருவது. மேஃபிளவர் ஹாப்கின்ஸிடமிருந்து வருவதன்று.

கல்லில் பொறித்ததும் பிழையாகலாம். மேஃபிளவரில் சென்ற ஜான் ஹவ்லண்ட் முதல் ஆளுநர் கார்வரின் மகளை மணந்தார் என்பது மரபுச் செய்தி. பிளிமத்தில் பிற்காலத்தார் நட்ட நினைவுக்கல்லிலும் அச்செய்தி இடம்பெற்றது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் காணாமற்போயிருந்த பிராட்ஃபோர்டின் கையெழுத்துப்படி, 1855-இல் லண்டன் ஆயரின் ஃபுல்ஹாம் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அச்சேறியது. ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்பதை அது காட்டியது. நினைவுக்கல்லுக்கும் நிகழ்ச்சிக்கும் இடைப்பட்ட கால இடைவெளியைக் கணக்கிடாமல், கல் என்பதனாலேயே அதை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாகாது.

4. இங்கிலாந்துச் சான்றுகளின் இயல்பு

ஹாப்கின்ஸ் காலத்து எளிய குடும்பத்தை அடையாளம் காண உதவுவன முதன்மையாக இருவகை ஆவணங்கள். முதலாவது, திருச்சபைப் பதிவேடு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு ஊர்த் திருச்சபையும் தன் எல்லைக்குள் நிகழும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். தொடக்ககால ஏடுகள் தாளில் எழுதப்பட்டுச் சிதைந்தன. 1598-இல் அவற்றைத் தோலேடுகளில் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு படியை ஆயருக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. எனவே ஊர் ஏடு அழிந்தாலும் ஆயரிடம் சென்ற படி சில இடங்களில் எஞ்சியது. அக்காலத் திருமுழுக்குப் பதிவு பெரும்பாலும் குழந்தையின் பெயரையும் தந்தையின் பெயரையும் மட்டுமே தரும். தாயின் பெயரைக் கூறாது.

இரண்டாவது, இறந்தோரின் உயில், சொத்துப் பட்டியல், நிர்வாக ஆணை ஆகியன. திருச்சபை நீதிமன்றங்களில் பதிவான இவை, இறந்தவர் விட்டுச்சென்ற பொருள்களையும் உரிமையுடைய மக்களையும் குறிப்பன. பதிவேடு சொல்லாத தாயின் பெயரை இவ்வாவணங்கள் சொல்லக்கூடும்.

இவற்றைப் படிப்பவர் காலக்கணிப்பில் கருத்தாக இருத்தல் வேண்டும். 1752-க்கு முன்னர் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25 அன்று. ஆகவே ஏட்டில் 1607 ஜனவரி என்றிருப்பது இன்றைய கணக்கில் 1608 ஜனவரி ஆகும். ஆய்வாளர் இதனை 1607/8 என்று இரட்டை ஆண்டாக எழுதுவர். இவ்வேறுபாட்டை மறந்தால் குழந்தைகளின் வயதுவரிசை மாறும். பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகவும் தோன்றும்.

5. ஹர்ஸ்லி ஆவணங்கள்

1998-இல் கேலப் ஜான்சன் வெளியிட்ட ஆய்வு ஹாப்கின்ஸ் குடிவழியின் போக்கை மாற்றியது. அது வெளியான இதழ், ஆவணச் சான்றை அடிப்படையாகக் கொண்ட குடிவழி ஆய்வின் முன்னோடியாகிய டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ் 1922-இல் தோற்றுவித்தது. ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டர் நகருக்கு அண்மையில் உள்ள ஹர்ஸ்லி என்னும் கிராமத்தின் ஏடுகளே அவ்வாய்வின் அடிப்படை. அங்கு ஸ்டீபன் ஹாப்கின்ஸின் மக்களாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் ஆகிய மூவர் திருமுழுக்குப் பெற்றுள்ளனர். கான்ஸ்டன்ஸ் பெற்ற நாள் 1606 மே 11. ஜைல்ஸ் பெற்ற நாள் 1607/8 ஜனவரி 30.

இச்சான்றின் வலிமை எங்குள்ளது? ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்ற பெயர் அங்குக் காணப்பட்டமையில் அன்று. அப்பெயர் பிற ஊர்களிலும் உண்டு. அதே தந்தைக்குக் கான்ஸ்டன்ஸ் என்ற மகளும் ஜைல்ஸ் என்ற மகனும் இருந்தனர் என்பதே வலிமை. ஜான், தாமஸ், மேரி போன்று பரவலாக வழங்கிய பெயர்கள் அல்ல இவை. மூன்று பெயர்களும் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், 1620-இல் இளம்பருவத்தினராக இருத்தற்கேற்ற வயதில் தற்செயலாக ஒன்றுகூடுதல் மிக அரிது. தனிப்பெயரை ஒப்பிடுதலுக்கும் பெயர்த்தொகுதியை ஒப்பிடுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பதிவேடு தந்தையைக் காட்டியது; சொத்து ஆவணம் தாயைக் காட்டியது. மேரி ஹாப்கின்ஸ் என்பவர் 1613 மே 9 அன்று ஹர்ஸ்லியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற உடைமை தொடர்பான ஆவணங்கள் எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் ஆகிய அதே மூவரை அவர் மக்கள் என்று பெயர் சுட்டிக் குறிக்கின்றன. அப்போது ஜைல்ஸுக்கு வயது ஐந்து, கான்ஸ்டன்ஸுக்கு ஏழு. பிராட்ஃபோர்ட் பெயர் சொல்லாது விட்ட முந்தைய மனைவி யார் என்பது இவ்வாறு தெளிந்தது. டட்லி குடும்பத்துச் சீமாட்டி இருந்த இடத்தில், சிறு பிள்ளைகளை விட்டு மறைந்த ஒரு கிராமத்துப் பெண் தம் பெயரோடு இடம்பெற்றார். பின்னைய ஆய்வு மேரியை ஹர்ஸ்லியின் கென்ட் குடும்பத்தோடு இணைக்கிறது; அது கருதுகோள் என்ற அளவில் கொள்ளத்தக்கது.

ஸ்டீபனின் இரண்டாம் திருமணம் 1617/18 பிப்ரவரி 19 அன்று லண்டனை அடுத்த ஒயிட்சேப்பலில் புனித மேரி மேட்ஃபெலன் திருச்சபையில் நிகழ்ந்தது; மணமகள் எலிசபெத் ஃபிஷர். மேஃபிளவர் பட்டியலில் உள்ள மனைவி எலிசபெத்தோடு இது பொருந்துகிறது.

6. ஸீ வென்ச்சர் கப்பலோடு தொடர்பு

ஹர்ஸ்லி ஆவணங்கள் மற்றொரு பழைய வினாவுக்கும் துணைசெய்கின்றன. 1609-இல் வர்ஜீனியாவுக்குப் புறப்பட்ட ஸீ வென்ச்சர் கப்பல் புயலில் சிக்கிப் பெர்முடாத் தீவில் உடைந்தது. அதில் இருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதிய விவரணம் 1625-இல் அச்சாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தோடு அறிஞர் பலர் தொடர்புபடுத்துவது இந்த விவரணத்தையே. அதில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவர் வருகிறார். கப்பல் உடைந்ததோடு ஆளுநரின் அதிகாரமும் முடிந்தது என்று 1610 ஜனவரியில் வாதிட்டமையால் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தம் அழிவு மனைவி மக்களின் அழிவாகும் என்று மன்றாடி அவர் மன்னிப்புப் பெற்றார். பின்னர் ஏனையோருடன் ஜேம்ஸ்டவுன் சென்றார்.

இவரும் மேஃபிளவர் ஹாப்கின்ஸும் ஒருவரே என்ற கருத்து முன்பே இருந்தது. ஆனால் அது பெரிதும் பெயர் ஒப்புமையை நம்பி நின்றது. ஹர்ஸ்லிச் சான்றுக்குப் பின் அது உறுதிபெற்றது. 1608 ஜனவரியோடு ஹர்ஸ்லியில் அறியப்பட்ட அவர் மக்களின் திருமுழுக்குப் பதிவுகள் நின்றுவிடுகின்றன. மறு ஆண்டு கப்பல் புறப்படுகிறது. 1613-இல் மேரி இறக்கிறார். 1618-இல் ஸ்டீபன் லண்டனில் மறுமணம் செய்கிறார். பிளிமத்தில் அவர் காட்டிய முன்னறிவும் இவ்வரிசையோடு இசைகிறது. ஸ்ட்ரேச்சியின் எழுத்தில் மனைவி மக்கள் என்று பொதுப்படச் சுட்டப்பட்டோர் யாவர் என்பதும் இதனால் விளங்குகிறது. பெர்முடாவில் அவர் உயிருக்காக மன்றாடிய நாளில் ஹர்ஸ்லியில் இருந்தவர்கள் மேரியும் மூன்று குழந்தைகளும்.

7. பெற்றோர்: உறுதியும் வாய்ப்பும்

ஸ்டீபனின் பெற்றோர் பற்றிய ஆய்வு 2004-இல் எர்னஸ்ட் கிறிஸ்டென்சன் எழுதிய கட்டுரையால் முன்னேறியது. ஹாம்ப்ஷயரிலேயே உள்ள அப்பர் கிளாட்ஃபோர்டில் 1581 ஏப்ரல் 30 அன்று ஜான் ஹாப்கின்ஸின் மகன் ஸ்டீபன் திருமுழுக்குப் பெற்றார். தாய் ஜானின் இரண்டாம் மனைவி எலிசபெத் வில்லியம்ஸ். இக்குடும்பம் பின்னர் வின்செஸ்டருக்குப் பெயர்ந்தது. ஜான் 1593 அளவில் அங்கு இறந்தார். மாவட்டம், வயது, வின்செஸ்டருக்கும் ஹர்ஸ்லிக்கும் இடையேயான அண்மை ஆகியன அனைத்தும் இசைவாக உள்ளன.

எனினும் கிறிஸ்டென்சன் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இப்பெற்றோரை 'இருக்கக்கூடியோர்' என்னும் பொருளிலேயே குறித்தார். ஹர்ஸ்லியில் கிட்டியது போன்ற பெயர்த்தொகுதிச் சான்று இங்கில்லை என்பதே காரணம். ஆதலால் இக்குடிவழியில் இரு நிலைகள் உள்ளன: ஸ்டீபன், மேரி, மக்கள் மூவர் என்னும் தலைமுறை உறுதியானது, அதற்கு முந்தைய தலைமுறை மிகுந்த வாய்ப்புடையது. இவ்விரண்டையும் ஒரே குரலில் கூறுதல் ஆய்வு நேர்மையாகாது.

8. மரபணுச் சோதனையின் எல்லை

மரபணுச் சோதனை இத்தகைய வினாக்களைத் தானே தீர்க்கும் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம், ஆண்வழித் தொடர்ச்சியைச் சோதிக்க உதவும். ஹாப்கின்ஸின் ஆண்வழி தொடர்ந்தது ஜைல்ஸ் வழியாக மட்டுமே. இரண்டாம் மனைவியின் மகன் கேலப் பார்படோஸில் இறந்தார். ஆண்வழி வந்தோர் இருவரின் முன்னோர் ஒருவரே என்பதை இச்சோதனை காட்டலாம். அம்முன்னோரின் பெயர், ஊர், மனைவி ஆகியவற்றைக் காட்டாது. கான்ஸ்டன்ஸ் வழிவந்த பெருந்தொகையினருக்கு இச்சோதனை பயன்படுவதும் இல்லை. ஏட்டுச் சான்று இல்லாத இடத்தில் மரபணு முடிவு ஊகத்துக்கு அறிவியல் சாயல் தருவதாகவே முடியும்.

9. முடிவுரை

ஹாப்கின்ஸ் பற்றிய ஆய்விலிருந்து பெறப்படும் நெறிகள் பின்வருமாறு:

• தனியொரு பெயரின் ஒப்புமை தேடலின் தொடக்கமாகலாம், முடிவாகாது. கணவன், மனைவி, மக்கள் எனப் பெயர்த்தொகுதி பொருந்துதல் வேண்டும்.

• ஓராவணம் சொல்லாததை வேறு வகை ஆவணம் சொல்லும். பதிவேட்டில் இல்லாத மேரி சொத்து ஆவணத்தில் இருந்தார்.

• ஆவணம் எழுந்த காலத்துக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள இடைவெளியே அதன் நம்பகத்தை அளவிடும். எழுதப்பட்ட பொருள் கல்லா தாளா என்பது அன்று.

• உறுதியானதையும் வாய்ப்புடையதையும் வேறுபடுத்திக் கூறுதல் வேண்டும்.

முன்னோருக்கு உயர்குடிப் பெயர் சூட்டுதல் தீங்கற்ற பெருமிதம் என்று கருதப்படுவதுண்டு. ஆனால் கான்ஸ்டன்ஸ் டட்லி என்ற பெயர் நூல்களில் வழங்கிய காலம் முழுதும் மேரி ஹாப்கின்ஸுக்கு அங்கு இடமில்லாமற்போயிற்று. கணவர் கடல் கடந்திருந்த காலத்திலும் ஹர்ஸ்லியில் வாழ்ந்து மறைந்த அவருடைய மகளும் மகனும்தாம் பிளிமத்தில் பெருங்குடும்பங்களாகத் தழைத்தனர். அவர் பெயரை மீட்டுத் தந்தவை, 1613 மே மாதத்தில் ஹர்ஸ்லிக் கிராமத்தில் எழுதப்பட்ட ஓர் அடக்கப் பதிவும் ஓர் எளிய சொத்துக் கணக்குமே.